என் டர்ன் முடிந்ததும் கவனம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

சாம்பல்காகம்:
எட்டு மாதமாக ஒரே குழுவோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை ஆட்டம்) ஆடுகிறேன், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆறு பேரும், கதையை நடத்தி அரக்கர்களை ஆடும் ஒரு டிஎம்மும், வாரம் ஒரு செஷன். என் கேரக்டர் ஆறாம் லெவல் ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் திருடன் வகை. ஆட்டம் எனக்கு உயிர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சண்டை தொடங்கிவிட்டால் என் டர்ன் முடிந்த கையோடு மனம் எங்கோ போய்விடுகிறது. போன வாரம் எங்கள் கிளெரிக் (குழுவின் பூசாரி) சுருண்டு விழுந்து, பிழைப்பாரா சாவாரா என்று தீர்மானிக்கும் டெத் சேவ் பகடையை உருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஎம் என்னைக் கூப்பிட்டதும் "யார் விழுந்தது?" என்று கேட்டேன். யாரும் திட்டவில்லை, கிளெரிக்கை ஆடுபவர் மட்டும் பகடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அது இன்னும் உறுத்துகிறது. உண்மையாகவே மாற நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்.

இருபதுமுகம்:
முதலில் ஒரு கணக்கு. ஆளுக்கு 3 நிமிடம், டிஎம்மின் அரக்கர்களுக்கு ஒரு 5 நிமிடம் என்று வைத்தாலே உங்கள் டர்ன் திரும்பி வர 20 நிமிடம் ஆகிறது. கதைக்குள் அந்த ஒரு சுற்று வெறும் 6 நொடி. அந்த 20 நிமிடத்தை "காத்திருக்கும் நேரம்" என்று நினைத்தால் யாருக்கும் மனம் அலையத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் ரோக், உங்களுக்கு அது காத்திருக்கும் நேரமே இல்லை. ஸ்னீக் அட்டாக் (எதிரி அசந்த நேரத்தில் குத்திக் கூடுதல் டேமேஜ் செய்வது) விதியை இன்னொரு தடவை படியுங்கள், சுற்றுக்கு ஒருமுறை என்று அதில் இல்லை, டர்னுக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. அதாவது உங்கள் டர்னில் ஒருமுறை குத்திவிட்டு, அடுத்தவர் டர்னில் எதிரி உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு ஓடப் பார்த்தால் ரியாக்‌ஷனில் (உங்கள் டர்ன் இல்லாதபோதே சட்டென்று ஒன்று செய்யும் வாய்ப்பில்) ஆப்பர்சூனிட்டி அட்டாக் அடிக்கலாம், நிபந்தனை பொருந்தினால் (உதாரணமாக உங்கள் ஆள் ஒருவர் எதிரியை ஒட்டி நின்றால்) அதிலும் ஸ்னீக் அட்டாக் சேரும். ஐந்தாம் லெவலிலேயே அன்கேனி டாட்ஜும் வந்திருக்கும், விழுந்த அடியைப் பாதியாகக் குறைக்க அதே ரியாக்‌ஷன்தான் வேண்டும். அந்த வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்றால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். நான் மூன்று வருடம் ரோக் ஆடியிருக்கிறேன், அடுத்தவர் டர்னில் அடித்த அடிகள்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன.

அப்புறம், விழுந்த கிளெரிக்குக்கு நீங்களே உதவியிருக்கலாம். பக்கத்தில் போய் டிசி 10 மெடிசின் செக், அதாவது பகடையும் மருத்துவத் திறனும் சேர்ந்து 10-ஐ எட்டினால் போதும், ஹீலர்ஸ் கிட் (சிகிச்சைப் பை) இருந்தால் அதுவும் வேண்டாம்.

விளக்குத்திரி:
விதியெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. என் கவனத்தை நிறுத்தியது வேறு. மற்றவர்களின் கேரக்டர்மேல் எனக்கு அக்கறையே இல்லை என்று ஒருநாள் உறைத்தது, அவர்களை என் கதையில் வரும் துணைப் பாத்திரங்களாக நினைத்திருக்கிறேன். அன்றிலிருந்து நோட்டில் ஆளுக்கொரு பக்கம். செஷனில் ஒவ்வொருவரும் செய்ததில் ஒரு வரி, அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி, அவ்வளவுதான். எங்கள் ஃபைட்டர் எந்த அறைக்குள் போனாலும் முதலில் வாளின் பிடியால் நிலைப்படியைத் தட்டுவான். மூன்று செஷன் அதை வெறும் பழக்கம் என்று குறித்து வைத்திருந்தேன். ஒரு ராத்திரி முகாமில், கேரக்டராகவே, "எதற்குத் தட்டுகிறாய்?" என்று கேட்டேன். அவன் வளர்ந்த வீட்டில் நிலைப்படி சரிந்து தம்பி செத்துப்போன கதை வந்தது. ஆடுபவர் அதை எழுதி வைத்துக்கொண்டு யாராவது கேட்பார்களா என்று ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார். அதற்குப்பின் அவன் டர்னில் என்னால் வேறு எதையும் பார்க்க முடிந்ததில்லை.

மூன்றாம்கதவு:
நான் பெரும்பாலும் டிஎம் பக்கம் உட்காருபவன். பழி முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறு பேர் என்பது பெரிய மேசை, நான் நாலு பேருக்குமேல் எடுப்பதில்லை. உங்கள் டிஎம்மிடம் தனியாகப் பேசுங்கள், குறையாக இல்லாமல் உதவியாக. "இனிஷியேட்டிவ் வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்து யார் என்று நானே கூப்பிடுகிறேன்" என்று கேளுங்கள். டிஎம்முக்கு ஒரு சுமை குறையும், உங்களுக்கும் ஒவ்வொரு டர்னிலும் ஒரு வேலை இருக்கும். ஒரு மாறுதலுக்கு அபொகலிப்ஸ் வேர்ல்ட் மாதிரி இதே வகையில் வேறோர் ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். 2010இல் வந்தது, அதில் இனிஷியேட்டிவ் வரிசையே கிடையாது, எந்த நொடியும் "நீ என்ன செய்கிறாய்?" என்று உங்கள் பக்கம் திரும்பலாம்.

மைக்கூடு:
போனைப் பையில் போட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து வரையுங்கள். எனக்குக் கை சும்மா இருந்தால் காது கேட்காது. அறையின் வரைபடம், அரக்கனின் பல், எதுவானாலும் சரி, ஆட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.

சாம்பல்காகம்:
நேற்று செஷன் முடிந்தது, எல்லோருக்கும் நன்றி. தொடங்கும் முன்பே கிளெரிக்கை ஆடுபவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார். இனிஷியேட்டிவ் அட்டைகள் என் கையில் இருந்தன. இரண்டாவது சுற்றில் ஓர்க் அரக்கர்களின் தலைவன் என்னைத் தாண்டி எங்கள் விஸார்டை நோக்கி ஓடினான், ஃபைட்டர் அவனை ஒட்டியே நின்றதால் ரியாக்‌ஷனில் ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்தது, மொத்தம் 19 டேமேஜ், அங்கேயே விழுந்தான். டிஎம்மே விதியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. கிளெரிக் கழுத்தில் நாக்கில்லாத ஒரு மணி தொங்குகிறது, முதல் செஷனிலேயே சொல்லியிருக்கிறார், நான் கவனித்ததே இல்லை. சண்டை முடிந்து காயத்துக்குக் கட்டுப் போடும்போது அதைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. அடுத்த வாரம் அந்த மணியின் நாக்கைத் தேடிப் போகிறோம்.