புதுப்பிப்பு: முந்திரி ஆலையின் பாதுகாப்புச் சுவரொட்டிகள்

மார்த்தாண்டம் அருகே எங்கள் முந்திரி ஆலையில், விதிகளை நெருக்கி அச்சிட்ட சுவரொட்டியை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது அதை அகற்றிவிட்டு, ஒவ்வோர் இடத்திற்கும் அதற்குரிய ஒரு செய்தி மட்டும் எனப் பிரித்துவிட்டோம்.

கொட்டை உடைக்கும் இடத்தில், முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரல்களும், பக்கத்தில் கையுறையிட்ட கையும் பெரிதாக வரையப்பட்டு, 'கையுறை அணிந்தபின் தொடுங்கள்' என்ற வரி தமிழிலும் மலையாளத்திலும் உள்ளது. பாதுகாப்புக் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 7010 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி கட்டாயச் செயலுக்கு நீல வட்டம், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், தடைக்குக் குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம்.

உடைக்கும் அக்காமார் இப்போது தாங்களாகவே கையுறை கேட்கிறார்கள். கையுறை கிடைக்காத இடத்தில் இப்படத்தை ஒட்டுவது முறையன்று என்பதால், கையுறைப் பெட்டியைச் சுவரொட்டிக்குக் கீழேயே வைக்கச் செய்திருக்கிறேன்.