நெற்களஞ்சியத்தில் காணொளிக் கலை: ஓயாமல் ஓடவிடுவதா, நேரம் குறித்துக் காட்டுவதா?

கனகராயன்:

கிளிநொச்சிக்கு அண்மையில் பாவனையில் இல்லாத நெற்களஞ்சியம் ஒன்றை இரண்டு வாரங்களுக்குப் பெற்று, வன்னி இளையோர் உருவாக்கிய ஆறு காணொளிப் படைப்புகளை அங்கே காட்சிக்கு வைப்பதற்குச் சிலர் திட்டமிட்டிருக்கிறார்கள். சாளரங்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, ஆறு படைப்புகளையும் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஓடவிடுவது என்றும், வருபவர்கள் விரும்பிய நேரத்தில் நுழைந்து விரும்பிய அளவு பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் வரைவு சொல்கிறது. ஐந்து படைப்புகள் வயல், குளம், மீள்குடியேறிய வீடு, ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து போன்றவற்றைப் பற்றியவை. ஆறாவது, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய், அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு 11 நிமிடம் பேசுவது.

வரைவை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். திரையரங்கு தன்னுடைய நேரத்துக்கு நம்மை வரச் சொல்லும். காட்சிக்கூடம் அப்படிச் சொல்வதில்லை. விடியமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் பிள்ளைக்கும், தண்ணீர் திறக்கும் முறைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கும் ‘மாலை 4 மணிக் காட்சி’ என்பது பூட்டிய கதவுதான். 1963 இல் ஜேர்மனியின் வுப்பெர்ட்டால் நகரில், பார்னாஸ் காட்சிக்கூடத்தில் கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் மாற்றியமைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பரப்பிவைத்த நாளிலிருந்தே இந்தக் கலை நடந்து திரியும் பார்வையாளரை எண்ணித்தான் வளர்ந்திருக்கிறது. கிறிஸ்ரியன் மார்க்லேயின் 24 மணிநேரப் படைப்பான ‘த குளொக்’ (2010) பழைய திரைப்படத் துண்டுகளால் ஆனது. திரையில் தெரியும் மணியும் பார்ப்பவரின் கைக்கடிகார மணியும் ஒன்றாகவே இருக்கும். அதைச் சோபாக்கள் போட்டுக் காட்டுகிறார்கள். முழுவதையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒலுமடு:

கனகராயன் அவர்கள் சொல்லும் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி யாருக்கு, யாருடைய செலவில் என்று கேட்கிறேன். 11 நிமிடப் படைப்பு ஒன்பது மணிநேரத்தில் 49 தடவை ஓடும். அந்தத் தாய் ஒரே நாளில் 49 தடவை தன் மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொல்லுவார். அவற்றில் பாதிக்கு மேல் வெறும் சீமெந்துத் தரைக்குத்தான் சொல்லுவார். போரின் முடிவில் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்தேன் என்ற ஒரு வசனம் கடந்த பிறகு உள்ளே வருபவருக்கு அவர் ஏன் அழுகிறார் என்பதே விளங்காது. விளங்காமலே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த திரைக்குப் போவார். ‘த குளொக்’ எங்கிருந்து பார்த்தாலும் பார்க்கத்தக்கது, ஏனென்றால் அதற்குத் தொடக்கமே இல்லை. இந்தப் பேச்சுக்குத் தொடக்கம் உண்டு.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கிய காலம் முதல், இந்தத் தாய்மார் எத்தனை கமராக்களுக்கு முன்னால் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலிப்பை ஒரு இயந்திரத்தைக் கொண்டு பெருக்கிக் காட்டுவதைக் கலை என்று ஏற்பதற்கு எனக்கு மனமில்லை.

இந்தியக் கலைஞர் அமர் கன்வாரின் ‘த லைட்னிங் ரெஸ்ரிமனீஸ்’ (2007) துணைக்கண்டத்தில் மோதல்களின்போது பெண்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறை பற்றியது. எட்டுத் திரைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டு போய் இறுதியில் ஒரே திரையில் வந்து சேரும். ஏறத்தாழ அரை மணிநேரம். அந்தச் சேர்க்கைக்காகப் பார்வையாளர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வைக்கும் உரிமையைப் படைப்பே எடுத்துக்கொள்கிறது. நாங்களும் ஆறாவது படைப்பை மணிக்கு ஒரு தடவை, வாங்கு போட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை காட்டலாமே?

இன்னொன்று, இருட்டு. சாளரங்களை அடைத்து, வாசலில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்ட அறைக்குள் இடிமுழக்கம் போன்ற ஒலி வந்தால், பதுங்குகுழிக்குள் நாள்கணக்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று வரைவை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? இலண்டனிலோ பெர்லினிலோ கறுப்பு அறை வெறும் கறுப்பு அறைதான்.

கனகராயன்:

இருட்டைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன். அறையைச் சாம்பல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு வாசல்களையும் திறந்துவிடலாம். ஆனால் திரும்ப ஓடுவது அவமரியாதை என்பதை ஏற்க முடியாது. அமர் கன்வாரின் அந்தப் படைப்பும் காட்சிக்கூடத்தில் திரும்பத் திரும்ப ஓடிய படைப்புத்தான். இலண்டன் சென்ற் போல்ஸ் பேராலயத்தில் 2014 முதல் பில் வயோலாவின் ‘மார்ட்டியர்ஸ்’ வைக்கப்பட்டிருக்கிறது. நிமிர்த்திவைத்த நான்கு திரைகளில் நான்கு மனிதர்கள் மண்ணாலும் காற்றாலும் நெருப்பாலும் நீராலும் வதைபடுகிறார்கள். ஒலி இல்லை, ஏழு நிமிடம் அளவில்தான், முடிந்ததும் மறுபடி தொடங்குகிறது. வழிபட வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள், போகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எங்கே?

ஒலுமடு:

அந்த நால்வரும் நடித்தவர்கள். அவர்களின் தாய் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கவில்லை.

மின்வினைஞர்:

கலை பற்றிய வாதத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கோயில் திருவிழாக்களுக்கும் பாடசாலை விழாக்களுக்கும் ஒலி, ஒளி அமைத்துக் கொடுக்கும் தொழில் என்னுடையது. அந்தக் கண்ணால் வரைவைப் பார்த்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே சாளரங்களை அடைத்தால் சித்திரையில் மனிதரும் இருக்க முடியாது, சுவரில் படம் எறியும் மல்ரிமீடியாக் கருவியும் இருக்காது. சூடேறித் தானாக நின்றுவிடும். மாரியில் நடத்தினால் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் எந்தப் பேச்சும் கேட்காது. மாசியில் நடத்துவோம் என்றால் காலபோக அறுவடை. கனகராயன் அவர்கள் சொல்லும் விவசாயி வயலில் நிற்பார். ஆகவே கூரையையும் மாதத்தையும் முதலில் தீர்மானியுங்கள்.

பாடசாலைகளில் இரவல் வாங்கக்கூடிய மல்ரிமீடியாக்கள் பெரும்பாலும் 3000 லூமன் அளவு வெளிச்சம் தருபவை. கனகராயன் அவர்கள் இப்போது சம்மதித்திருக்கும் சாம்பல் வெளிச்சத்தில், இரண்டு கதவும் திறந்திருக்க, பத்தடி அகலத்துக்கு எறிந்தால் கறுப்பெல்லாம் வெளிறிவிடும். ஒலியின் நிலைமை இதைவிட மோசம். வெறும் சீமெந்துச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஒலிபெருக்கிகள் ஒன்றாகப் பேசினால் தாயின் குரலுக்குள் பேருந்தின் ஹோர்ன் அடிக்கும். பெரிய அருங்காட்சியகங்கள் இதற்காகவே கம்பளமும் ஒலி உறிஞ்சும் தட்டிகளும் போடுகின்றன. எங்களிடம் இருப்பது சாக்கு. பழைய நெற்சாக்குகளைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு இரட்டையாகத் தொங்கவிட்டால் எதிரொலி ஓரளவு அடங்கும். பேச்சில்லாத மூன்று படைப்புகளுக்குத் தலையில் மாட்டும் ஹெட்போன் போதும் என்று சொல்லாதீர்கள். ஒருவர் கழற்றியதை மற்றவர் மாட்டத் தயங்குவார், சிறுவர்கள் வயரை இழுப்பார்கள்.

என் கருத்து இதுதான்: சுவரில் எறிவதையே விடுங்கள், தொலைக்காட்சிப் பெட்டிகளை வாடகைக்கு எடுங்கள். வெளிச்சம் கிடந்தாலும் படம் தெரியும், அறையை இருட்டாக்க வேண்டியதில்லை. அதோடு அளவு பற்றியும் யோசியுங்கள். அந்தத் தாயின் முகம் பத்தடிச் சுவரில் தெரிந்தால் சினிமா நடிகையின் முகம் போல ஆகிவிடும். பெட்டியில், எதிரே கதிரையில் இருப்பவரின் முகம் அளவில் தெரிந்தால், வந்தவர் அவருக்கு முன்னால் இருந்து கேட்பார்.

முத்தையன்கட்டு:

பெட்டி பற்றிய யோசனைக்கு என் ஆதரவும் உண்டு. நளினி மலானி 1998 இல் இந்தியாவின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு செய்த ‘ரிமெம்பெரிங் டோபா டேக் சிங்’ என்ற படைப்பில், சுவர்களில் எறிந்த காட்சிகளோடு 12 தகர றங்குப்பெட்டிகளுக்குள் சிறிய திரைகளையும் வைத்திருந்தார். இடம்பெயர்ந்தவர்களின் படங்கள் அவற்றுக்குள் ஓடின. றங்குப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களுக்கு அதைக் குனிந்து பார்ப்பதன் பொருளை யாரும் சுவரில் எழுதி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என் அடிப்படை ஆட்சேபம் வேறு. சுழல ஓடவிடுவதா, நேரம் குறிப்பதா என்று நீங்கள் இருவரும் வாதாடுகிறீர்கள்; இரண்டிலும் பார்வையாளர் வாயைத் திறப்பதில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் இங்கே ஜெனறேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஊரே கூடிப் படம் பார்த்தது. இடையிலே கதைத்தார்கள், திட்டினார்கள், எண்ணெய் தீர்ந்து ஜெனறேற்றர் நின்றால் மீதிக் கதையைத் தாங்களே சொன்னார்கள். அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, மெதுவாக நடந்து மெதுவாகப் பேசும் காட்சிக்கூட ஒழுக்கத்தைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைப்பது யாருக்காக? 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைகளுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது நல்ல விடயம். அது அங்கே இருக்கட்டும். இங்கே இரவில், வெளியில், கூட்டமாகக் காட்டி, பிறகு ஒரு மணிநேரம் பேசவிடுங்கள்.

மேலும், வருகைப் பதிவேடு எதுவும் வைக்கக் கூடாது. பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய புத்தகம் ஒன்று வாசலில் கிடந்தால் அதை முதலில் வாசிக்க வருபவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கனகராயன்:

பதிவேடு வேண்டாம் என்பதில் மறுபேச்சில்லை. இரவுக் காட்சியைப் பற்றி: உங்கள் முற்றத்துக் கூட்டத்தில் கதைத்தவர்கள் யார், ஒதுங்கி இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து நினைவுபடுத்துங்கள். தனியாக வந்து, ஒருவரும் பார்க்காமல் அழுதுவிட்டுப் போக விரும்பும் பெண்ணுக்கு நூறு பேர் நடுவே பாயில் இடம் பிடிப்பது உதவாது.

காட்சிக்கூட முறை வெளியூர்க்காரருக்கானது என்பதும் சரியல்ல. அமர் கன்வாரின் ‘த சொவ்ரின் ஃபொறெஸ்ட்’ 2012 இல் ஜேர்மனியின் கஸல் நகரில் டொக்குமென்டா கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஒடிசாவின் புவனேசுவரத்திலும் திறக்கப்பட்டது. எந்த மக்களின் நிலம் பறிபோனதைப் பற்றி அது பேசுகிறதோ, அந்த மாநிலத்து மக்களே வந்து பார்த்தார்கள்; தங்கள் சான்றுகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே இரவில் காட்டி முடிக்கும் படத்துக்கு அப்படி எதையும் கொண்டுவந்து சேர்க்க நேரம் கிடையாது. நெற்களஞ்சியத்தில் இரண்டு வாரம் திறந்திருக்கும் ஒரு மேசை இருந்தால், யாராவது ஒரு பழைய கசற்றையோ கைத்தொலைபேசிப் பதிவையோ கொண்டுவரக்கூடும்.

ஒலுமடு அவர்களுக்கு ஒரு தகவல்: ஆறாவது படைப்பைச் செய்தவர் அந்தத் தாயின் இளைய மகள். வீட்டில் அம்மா இதைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆகவே படைப்பும் ஓயாமல் ஓட வேண்டும் என்பது அவருடைய முடிவு. கண்காட்சியைத் தொகுப்பவர் அதை மாற்றலாமா?

மின்வினைஞர்:

மேசைக்குக் கசற் வந்தால் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு உடனே டெக்கில் போடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடா டெக்கின் தலையையும் கெடுத்துத் தானும் அறுந்துவிடும். கவனமாகத் துடைத்து, ஒரே தடவை ஓட்டும்போதே கணினியில் பதிய வேண்டும். கருவிகள் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை. கனகராயன் அவர்கள் சொன்ன நாம் ஜூன் பைக் 1988 இல் தென்கொரியாவில் 1003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கிச் செய்த கோபுரத்தைக்கூட, பெட்டிகள் பழுதாகிப்போனதால் 2018 இல் நிறுத்தவேண்டி வந்தது. ஒரு பகுதியைத் தட்டைத் திரைகளாக மாற்றி, 2022 இல்தான் மறுபடி இயக்கினார்கள். ஆறு படைப்புகளின் மூலக் கோப்புகளும் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். எந்த வீடுகள் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

ஒலுமடு:

மகள் செய்த படைப்பு என்பது என் வாதத்தின் ஒரு பகுதியை மாற்றுகிறது. அவர் சொல்லும் காரணத்தில் வலு இருக்கிறது. எனினும் மகளின் முடிவு தாயின் சம்மதம் ஆகாது. வீட்டுக் குசினியில் மகளின் கைத்தொலைபேசிக்கு முன்னால் பேச ஒப்புக்கொண்டவர், அயலவர் நடந்து திரியும் மண்டபத்தில் நாளுக்கு 49 தடவை பேச ஒப்புக்கொண்டவர் அல்லர். தொகுப்பவரின் வேலை சுவரில் ஆணி அடிப்பதோடு முடிவதில்லை. இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவதும் அவருடைய வேலைதான்.

ஐந்து படைப்புகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நாள் முழுவதும் ஓடுவதற்கு எனக்கு எதிர்ப்பில்லை. ஆறாவதைப் பொறுத்தவரை, திறப்பதற்கு முன்னரே தாயையும் மகளையும் களஞ்சியத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வைக்கப்போகும் அதே பெட்டியில், அதே ஒலியளவில், இடைவெளி விடாமல் மூன்று தடவை ஓடவிடுங்கள். அறிமுகமில்லாத இரண்டு மூன்று பேரை உள்ளே நடக்கவும் நடுவில் எழுந்து போகவும் சொல்லுங்கள். தாய் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அதன் பிறகு அவர் ஓடட்டும் என்றால் ஓடட்டும். மணிக்கு ஒரு தடவை போதும் என்றால் கதவில் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். வேண்டாம் என்றால் ஐந்து படைப்புகளோடு திறவுங்கள்.

கனகராயன்:

மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறேன். வேண்டாம் என்று தாயும், வேண்டும் என்று மகளும் சொன்னால் யாருடைய சொல் நிற்கும் என்பதில் நான் இன்னும் உங்கள் பக்கம் இல்லை.