புதுப்பிப்பு: ஒரு வரிசையைத் திருத்தினால் முழு அட்டவணையும் நின்ற பிரச்சினை

முன்பு கேட்டது இதுதான்: கிளிநொச்சியில் நெல் கொள்வனவுக்கு நாங்கள் வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒருவர் ஒரு விவசாயியின் பதிவைத் திருத்தும்போது, அடுத்த மேசைக்காரருக்கு வேறொரு விவசாயியின் பதிவும் ஏன் அசையாமல் நிற்கிறது? அதில் தரவைச் சேமித்துக் கையாளும் பகுதியான இன்னோடிபி (InnoDB), திருத்தும் வரிசையை மட்டும்தானே பூட்டும் என்று பலர் சொன்னீர்கள்.

சரி, இரண்டு இணைப்பைத் திறந்து சோதித்தேன். ஒன்றில் ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கி, அடையாள அட்டை இலக்கத்தை வைத்து ஒரு அப்டேட் (திருத்தம்), அதைக் கமிட் செய்யாமல், அதாவது உறுதிசெய்து முடிக்காமல் விட்டேன். மற்றதில் வேறு இலக்கம். அது நின்றது, இயல்பான எல்லையான 50 செக்கன் முடிந்ததும், பூட்டுக்குக் காத்திருந்த நேரம் முடிந்தது என்ற 1205 பிழை வந்தது. பெரும்போக அறுவடையில் வாசலில் உழவு இயந்திரங்கள் நெல்லோடு காத்து நிற்கும்போது 50 செக்கன் சின்ன நேரம் இல்லை.

காரணம், அடையாள அட்டை இலக்கம் இருக்கும் பத்திக்கு (column) இன்டெக்ஸ், அதாவது வரிசையை நேரே தேடி எடுக்க உதவும் சுட்டி, இல்லை. இன்னோடிபி பூட்டுவது இன்டெக்ஸ் பதிவுகளைத்தான். தேடுவதற்கு ஏற்ற இன்டெக்ஸ் இல்லாவிட்டால் அட்டவணை முழுவதையும் வாசித்து, வாசித்த ஒவ்வொரு வரிசையையும் பூட்டி, ரிப்பீட்டபிள் ரீட் என்ற தனிமைப்படுத்தல் நிலையில் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்துவைப்பது என்ற அமைப்பு) கமிட் வரை விடாமல் வைத்திருக்கும். ரீட் கமிட்டட் என்ற இன்னொரு நிலையில் பொருந்தாத வரிசைகளை விட்டுவிடுகிறது, ஆனால் சரியான மருந்து இன்டெக்ஸ்தான். போட்டதும் இரண்டும் தடையில்லாமல் ஓடின.

அப்புறம், மூட்டைக் கணக்கு அட்டவணை இன்னும் பழைய சேமிப்பு முறையான மைஐசாமில் (MyISAM) இருக்கிறது. அதில் திருத்தம் என்றாலே முழு அட்டவணைக்கும் பூட்டு, இன்டெக்ஸ் போட்டும் பயனில்லை. அடுத்த போகத்துக்கு முன் அதையும் இன்னோடிபிக்கு மாற்றுகிறோம்.