எஃப்.சி. (தகுதிச் சான்று) பதிவில் வண்டியின் ஆண்டு தவறு: எங்கே திருத்துவது?

ஈரோட்டு மஞ்சளை வெளிமாநிலங்களுக்கு ஏற்றிச் செல்லும் எங்கள் இரண்டு அச்சு ஐச்சர் லாரி 2019 மாடல், ஆர்.சி.யிலும் (பதிவுச் சான்று) அப்படியே உள்ளது. கடந்த மார்ச்சில் எஃப்.சி. காட்டியபோது இணையப் பதிவில் யாரோ 2009 என்று ஏற்றிவிட்டதால், எட்டு வயதைத் தாண்டாத வண்டிக்கு இரண்டாண்டு கிடைக்க வேண்டிய தகுதிச் சான்று ஓராண்டுக்கே வந்திருக்கிறது. 12 ஆண்டு கடந்த இத்தகைய வண்டிக்கு நேஷனல் பர்மிட் (வெளிமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் அனுமதி) கிடையாது என்பதால் அதைப் புதுப்பிப்பதும் நிற்கிறது.

ஆர்.சி. நகலுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கவுன்டரில் இரண்டு முறை மனுக் கொடுத்தேன். திருத்தும் வசதி தங்களிடம் இல்லை என்றார்கள். இணையத்தில் அளித்த புகாரோ, நான் அதே கவுன்டரில் நின்றிருந்தபோதே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தியாக வந்தது. திரையில் 2009 அப்படியே இருந்தது. புரோக்கருக்குப் பணம் கொடுக்க மனமில்லை, தவறு என்னுடையது அல்லவே.

பர்மிட் முடிய மூன்று வாரமே உள்ளது. இத்தகைய பிழையைத் திருத்திக்கொண்டவர்கள், எந்த அதிகாரியிடம், எந்த ஆவணங்களுடன் மனுக் கொடுத்தீர்கள்?