புதுப்பிப்பு: முடி ஓரத்து வெள்ளை விளிம்பு போய்விட்டது (போட்டோஷாப், லேயர் மாஸ்க்)

வெள்ளைப் பின்னணியில் எடுத்த ஆளை அந்தி வானத்தில் வைத்தால் முடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஓவர்லே பிரஷ் யோசனைதான். மாஸ்க் என்பது லேயரில் எது தெரிய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு-வெள்ளைப் படம்: வெள்ளை தெரியும், கறுப்பு மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும். அதன் சிறுபடத்தைக் கிளிக் செய்து (லேயரை அல்ல), பிரஷ் மோடை ஓவர்லே ஆக்கி, 20% ஒபாசிட்டியில் கறுப்பைத் தடவினால் சாம்பல் மட்டும் இருளும். முழு வெள்ளை அசையாது. மிச்சமிருந்த வெளிர் இழைகளுக்கு மேலே மல்டிப்ளையில் (கீழே உள்ளதை இருளாக்கும் மோட்) ஒரு கிளிப்பிங் லேயர் (கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் தெரிவது), முடியிலிருந்தே எடுத்த நிறம்.

டீகன்டாமினேட் கலர்ஸ் (விளிம்பில் ஒட்டிய பின்னணி நிறத்தைப் பக்கத்து நிறத்தால் மாற்றும் வசதி) வேண்டாம். அது பிக்சலையே மாற்றிவிடும். பிறகு மாஸ்க்கில் இழையை மீட்கப் போனால் இழுபட்ட நிறம்தான் வரும்.

எதிர்பாராதது ஒன்று: விளிம்பு சரியான பிறகும் ஆள் ஒட்டிவைத்தது போலவே இருந்தார். காரணம் கிரெயின்: படத்தின் நுண்புள்ளிகள் ஆளிலும் வானத்திலும் ஒன்றுபோல இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் லேயர், ஓவர்லே, ஒற்றை நிற நாய்ஸ் 2% போட்டதும் சேர்ந்துகொண்டது.