புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே டிரவுட்: டர்பைனைக் கேட்டுவிட்டு ஃப்ளையைக் கட்டுங்கள்

டிரவுட் மீன் பிடிக்க அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஒயிட் ஆற்றுக்குப் புதிதாகப் போகிறவர்கள் "எந்த ஃப்ளை (பூச்சி, புழு, சிறு மீன் போலக் கட்டிய தூண்டில் முள்) ஓடுது?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மேலே உள்ள அணையின் மின்நிலையத்தில் எத்தனை டர்பைன் ஓடுகிறது என்பது. புல் ஷோல்ஸில் மொத்தம் 8. ஒன்று முழுதாக ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 3,300 கன அடி தண்ணீர். எதுவும் ஓடாத நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று வீசலாம். ஒன்று ஓடும்போதே நிற்கிற இடங்கள் சுருங்கிவிடும். இரண்டு என்றால் படகுதான்.

மின் உற்பத்தி அட்டவணை முந்தைய நாளே வந்துவிடும். வெயில் ஏறி ஊரெல்லாம் ஏசி ஓட ஆரம்பித்தால் அதுவும் மாறும், அதனால் முழுசாக நம்ப வேண்டாம். அணையில் ஊதுகிற சங்கு சில மைல் கீழே நிற்பவருக்குக் கேட்காது. ஆற்றுக்குள் இறங்கியதும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தலைகாட்டும் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நனைந்தாலோ, சருகும் அறுந்த பாசியும் கொத்தாக மிதந்து வந்தாலோ உடனே வெளியே வந்துவிடணும். இன்னும் ஒரு வீச்சு என்று நிற்கக் கூடாது. கார் நிற்கும் கரையை விட்டு எதிர்க்கரைக்குப் போனவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது.

இதில் ஒரு லாபமும் உண்டு. திறந்த நீர் கீழே போய்ச் சேர மணிக்கணக்காகும். காலையில் அணை திறந்தால் காரில் ஆற்றோடு கீழே காட்டர் ஊர்ப் பக்கம் போனால் இன்னும் கொஞ்ச நேரம் தாழ்ந்த நீர் கிடைக்கும். நிறுத்தினால் அணையடியில்தான் முதலில் வடியும். அப்போது மேலே வாங்க.

* * *

நேரக் கணக்கு சரி. தாழ்ந்த நீருக்கான கட்டு இது: 9 அடி, 5-வெயிட் (நடுத்தர எடை லைனுக்கான) ராடு. லைன் முனையில் 9 அடி 5எக்ஸ் லீடர் நரம்பு (எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெல்லியது). அதன் நுனியில் சாம்பல் நிற சோபக் என்ற ஃப்ளை, முள் அளவு 16-ஆம் எண். அதன் முள் வளைவிலிருந்து 40-45 செ.மீ. 6எக்ஸ் ஃப்ளூரோகார்பன் நரம்பு, அதன் முனையில் கறுப்பு அல்லது சிவப்பு ஜீப்ரா மிட்ஜ் என்ற சின்ன ஃப்ளை, 18-ஆம் எண். முதல் ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு ஒன்று. தக்கையை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரத்தில் வையுங்கள். பத்து வீச்சில் ஒருதடவைகூட அடிப்பாசி மாட்டவில்லை என்றால் ஃப்ளையை மாற்றாதீர்கள், ஈயத்தைக் கூட்டுங்கள். மீன் அடியில்தான் மேய்கிறது.

மீன் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் இழுவை. தக்கை பக்கத்து நுரையைவிட வேகமாகப் போனால் கீழே ஃப்ளை இழுபடுகிறது என்று அர்த்தம். வீசியதும் லைனை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். தக்கை அமுங்கும்வரை காத்திருந்தால் பாதி மீன் போச்சு. தக்கை சும்மா தயங்கினாலும் ராடை நீரோட்டத் திசையில் பக்கவாட்டில் மெல்ல இழுக்கணும். வெடுக்கென்று இழுத்தால் 6எக்ஸ் அறுந்துவிடும்.

நீர் ஏறத் தொடங்கும் முதல் அரைமணி நேரம் சிவப்பு சான் வான் வோர்ம் என்ற புழு வடிவ ஃப்ளையின் நேரம். அடிமண் கலைந்து புழு மிதந்து வரும். கரையில் நின்றே போடலாம்.

* * *

படகில் போகிறவர்களுக்கு: டர்பைன் ஓடும்போது நங்கூரம் போடவே கூடாது. படகை மெதுவாக்க இழுத்துக்கொண்டு போகும் சங்கிலியும் பாறையிடுக்கில் சிக்கும். சிக்கிய நொடியில் பின்புறம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். பெட்டிக்குள் பூட்டி வைத்த கத்தி உதவாது.

இலையுதிர் காலத்தில் இன்னொரு சிக்கல். கோடை முழுக்க அணைக்குப் பின்னால் உள்ள ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். டர்பைன் இழுப்பது அந்தத் தண்ணீரைத்தான். குளிர்ச்சி இருக்கும், மூச்சு இருக்காது. டர்பைனுக்குள் காற்றை விட்டுச் சரிசெய்யப் பார்க்கிறார்கள், அது ஓரளவுக்குத்தான். அந்த மாதங்களில் 6எக்ஸை மறந்துவிட்டு தடித்த 4எக்ஸில் மீனைச் சட்டென்று கரைசேர்த்துவிடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை நீருக்கு வெளியே தூக்காமல், வலைக்குள் வைத்தே முள்ளை எடுங்கள். விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி பிடித்து, தானாக வாலடிக்கும்வரை காத்திருங்கள்.

காலணியைக் காயவைக்காமல் அடுத்த ஆற்றுக்குப் போகாதீர்கள். காலணியில் ஒட்டிக்கொண்டு போகும் டிடிமோ என்ற பாசி இங்கே 2005-லேயே கண்டுபிடிக்கப்பட்டது.

கடுங்குளிரில், முக்கியமாக ஜனவரி, பிப்ரவரியில், ஏரியில் உள்ள ஷாட் என்ற சிறு மீன்கள் விறைத்துப்போய் டர்பைன் வழியாகக் கீழே வந்து விழும். எத்தனை டர்பைன் ஓடினாலும் அப்போது படகில் அணையடிக்குப் போங்கள். 4 அல்லது 6-ஆம் எண் வெள்ளை ஸ்ட்ரீமர் (சிறு மீன் போன்ற ஃப்ளை). இழுத்து ஆட்ட வேண்டாம், செத்த மீன் போல மிதக்கவிடுங்கள். பெரிய பிரவுன் டிரவுட் மேலே வருவது அந்த நாட்களில்தான்.