கிளிமானூர்ச் சுவரும் காவேரிப்பட்டணத்து அண்ணனும்

கிருஷ்ணகிரியில் முப்பது வருடத்துக்கு மேல் போர்டு எழுதியவன் நான். மாம்பழ மண்டி, லாரி ஷெட், சைக்கிள் கடை, தேர்தல் சுவர் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்ததும் வேலை பாதியானது, அப்புறம் அதிலும் பாதியானது. இப்போது கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர் இரண்டுதான் மிச்சம். போன மாசியில் எங்கள் பக்கத்துத் தெரு டிராயிங் டீச்சர் வந்து, "அண்ணா, ரவிவர்மா பிறந்து வளர்ந்த இடமெல்லாம் கூட்டிப்போய்க் காட்டறாங்களாம், வர்றீங்களா?" என்றார். யோசிக்கவே இல்லை, சரி என்றேன். இங்கே ஆளாளுக்குத் தங்கள் பயண அனுபவத்தை எழுதுகிறீர்கள். என்னுடையதும் இருக்கட்டும்.

ரவிவர்மா என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்றால், எங்கள் வீட்டு லட்சுமி படம். தாமரையில் நிற்கும் லட்சுமி. அம்மா தினமும் குங்குமம் வைத்து வைத்து, நெற்றிப் பக்கம் கறுத்தே போய்விட்டது. அது ரவிவர்மா வரைந்ததன் அச்சு என்பது நான் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரியும். 1894-ல் அவர் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லில் வரைந்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வைத்து அச்சடிக்கும் முறை. கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்து சேர்ந்தது அந்தப் படங்களால்தான். எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்ததுதான்.

நம் ஊருக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் சேலம் போய், ராத்திரி ரயில் பிடித்து, வர்க்கலையில் இறங்கினோம். ஒன்பது பேர். அங்கிருந்து வேனில் கிளிமானூர். ரப்பர் மரம், ஓட்டு வீடு, மழை. மாசி மாதத்தில் மழையைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு வாய் மூடவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பாதி மலையாளம், பாதி தமிழ். ஆனால் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். 1848 ஏப்ரல் 29-ல் ரவிவர்மா பிறந்தது இந்த அரண்மனையில்தான். அரண்மனை என்றதும் மைசூரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஓட்டுக் கூரை, மரத் தூண், முற்றம், குளம். பெரிய வீடு என்றே சொல்லலாம். குடும்பத்தார் இருக்கும் இடம் என்பதால் எல்லா அறைக்குள்ளும் போக முடியாது. அவர் வேலை செய்த சித்திரசாலையைக் காட்டினார்கள். பையனுக்கு அம்மா கவிதை எழுதுபவர், அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். தங்கை மங்களா பாயும் தம்பி ராஜராஜ வர்மாவும்கூட ஓவியர்களே. தம்பி கடைசி வரை அண்ணனோடு சேர்ந்து வரைந்தவர்.

ஒரு வெள்ளைச் சுவர் பக்கத்தில் எங்களை நிறுத்தி வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னார். சின்னப் பையன் ரவிவர்மா கரிக்கட்டையை எடுத்துச் சுவரெல்லாம் யானை, குதிரை, ஆள் என்று கிறுக்கிவிடுவானாம். வேலைக்காரர்கள் போய்ப் புகார் சொன்னார்களாம். தாய்மாமன் ராஜராஜ வர்மா (தம்பிக்கும் இதே பெயர்தான்) வந்து பார்த்தார். அவரே ஓவியர். திட்டவில்லை, அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் நிறைய நேரம் நின்றேன். கரியும் சுவரும் நமக்குப் புதிதா என்ன? நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லச்சந்திரத்துக்குப் போய்ப் பாருங்கள். பழங்காலத்து ஆட்கள் பெரிய பலகைக் கற்களால் கட்டிய கல்திட்டைக்குள் குனிந்து நுழைந்தால் உட்பக்கக் கல்லில் வெள்ளை வெள்ளையாக மனிதர்கள், விலங்குகள். எந்தக் காலத்து ஆளோ, சுவர் கிடைத்ததும் கை சும்மா இருக்கவில்லை. என் பேத்தியும் அப்படித்தான். போன வருடம் புதுச் சுண்ணாம்பு அடித்த நடையில் அவள் கிறுக்கியபோது நான்தான் கத்தினேன். அது கிளிமானூரில் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

அந்தத் தாய்மாமனுக்கு ஆசான் யார் தெரியுமா? மதுரையிலிருந்து திருவிதாங்கூர் போன அழகிரி நாயுடு. நம் பக்கத்து ஆள். தஞ்சாவூர் பாணியில் கைதேர்ந்தவர். இதை வழிகாட்டி போகிறபோக்கில் சொன்னார். நான் திரும்பவும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது திருவனந்தபுரம். பதினான்கு வயதில் மாமன் அவரை அங்கே திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் கூட்டிப்போனார். நீர்வண்ணம் அரண்மனையிலேயே கற்றுக்கொண்டார். எண்ணெய் வண்ணம்தான் கிடைக்கவில்லை. அந்த வித்தை தெரிந்தவர் அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர். நாயுடு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். பையன் தனக்கே போட்டியாக வருவான் என்று பட்டிருக்க வேண்டும். அவரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் யாருக்கும் தெரியாமல் ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் மகாராஜாவை வரைய வந்தபோதும் அதே கதை. பாடம் சொல்லித்தர மாட்டேன், வேண்டுமானால் நான் வரையும்போது நின்று பார்த்துக்கொள் என்றாராம். இருபது வயதுப் பிள்ளை நின்று பார்த்தே கற்றுக்கொண்டது. ஐந்தே வருடம், 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வியன்னாவிலும் பரிசு.

மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. நான் பதினாறு வயதில் ஒரு வாத்தியாரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். பெயர் வேண்டாம். பிரஷ் கழுவ விடுவார், ஏணி பிடிக்க விடுவார், சுண்ணாம்பு நூல் அடிக்க விடுவார். வண்ணம் கலக்கும் நேரம் வந்தால் மட்டும் "டேய், போய் டீ வாங்கிட்டு வா" என்பார். திரும்பி வரும்போது டப்பாவில் கலவை தயாராக இருக்கும். முகத்து நிறம் எப்படி வந்தது என்றே தெரியாது. இரண்டு வருடம் இப்படிப் போனது. அவரிடம் எனக்கு முன்பே இருந்த ஓர் அண்ணன், காவேரிப்பட்டணத்துக்காரர், ஒருநாள் ராத்திரி வேலை முடிந்ததும் என்னை லாரி ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், ஒரு பழைய தகரத்தில் வெள்ளை, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, ஒரு பொட்டு பச்சை வைத்துக் கலந்து காட்டினார். முகத்து நிறத்தில் பச்சை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். வாத்தியாருக்குத் தெரிந்திருந்தால் அண்ணனுக்கு வேலை போயிருக்கும்.

ஆறுமுகம் பிள்ளை வரைந்ததென்று ஒரு படமும் நான் பார்த்ததில்லை. அன்று அங்கே அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

மறுநாள் திருவனந்தபுரம் ஓவியக் கூடம், நேப்பியர் மியூசியம் இருக்கும் அதே வளாகம். திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். அன்னத்தோடு நிற்கும் தமயந்தி அங்கேதான் இருக்கிறாள். 1899-ல் வரைந்தது. காலண்டரில் நூறு தடவை பார்த்த படம்தான், நேரில் வேறு. புடவைக் கரையின் ஜரிகையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் படத்தில் நிஜத் தங்க ரேக்கு ஒட்டுவார்கள், கல் பதிப்பார்கள். மாமன் பழகியது அந்த வழி. மருமகன் படத்தில் தங்கமே இல்லை. மங்கலான பழுப்பு, மேலே மஞ்சள், வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் வெள்ளையை ஒட்டி ஒரு சின்னத் தீற்று. பத்தடி தள்ளி நின்றால் ஜரிகை மினுங்குகிறது. எண்ணெய் வண்ணத்துக்கு ஏன் அப்படி அலைந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. நம் எனாமல் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், போட்டது போட்டதுதான். எண்ணெய் வண்ணம் நாள் கணக்கில் ஈரமாக இருக்கும். கன்னத்து நிழலை அவசரமில்லாமல் கலந்து கலந்து கொண்டுபோகலாம். தமயந்தி கன்னத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று கடைசி வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காவேரிப்பட்டணம் போனேன். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரிக்கட்டையைச் சொன்னேன், நாயக்கரைச் சொன்னேன், ஆறுமுகம் பிள்ளையைச் சொன்னேன். அந்தப் பெயர் வந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஜரிகையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குறுக்கே கேட்டார்.

"வெள்ளைய கடைசியா வெச்சிருக்கானா, ஈரத்துலயேவா?"

"காஞ்ச பிறகு வெச்ச மாதிரிதான் இருந்துச்சுண்ணா. ஓரம் கலங்கல."

"அப்பிடித்தான் வெக்கணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கண் ஆபரேஷன் முடியட்டும், என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆபரேஷன் அடுத்த மாதம். டிராயிங் டீச்சரிடம் இப்போதே இரண்டு இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.